கண்ணாடித் திரையும் பயிற்றுநர் இருக்கையும்

நீண்ட பதிவு. விமானவியல் அறியாதவர்களும் வாசிக்கலாம். கல்வியியலில் ஆர்வமுள்ளவர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

விக்ரோலி பார்க் சைட் மேட்டில் நான் குடியிருக்கும் அறையின் சன்னல் தெற்கு நோக்கியது. மும்பை விமான நிலையத்தின் ஓடுபாதை 27-ஐ நோக்கி இறங்கும் விமானங்கள் காட்கோபர் கூரைகளுக்கு மேலாகச் சக்கரங்களை நீட்டியபடி ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதை அங்கிருந்து காணலாம். மனிதனுக்கும் தானியங்கிக் கருவிகளுக்கும் இடையிலான உறவு பற்றிய ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான சன்னல் வாய்க்காது. அதே வானத்திலிருந்துதான் 2018 சூன் 28 அன்று ஒரு சிறு விமானம் காட்கோபர் சர்வோதய நகரில் விழுந்தது. உள்ளிருந்த நால்வரும் தரையில் ஒருவரும் மாண்டனர். அவ்விபத்து இப்பதிவின் பொருளன்று. ஆயினும் இப்பகுதியில் வாழ்வோர் வானத்தைப் பார்க்கும் பார்வையில் அது கலந்திருக்கிறது.

சென்ற மாதம் செம்பூரில் வளர்ந்த தம்பி ஒருவன் என் அறைக்கு வந்திருந்தான். வெளிமாநிலப் பறத்தல் பயிற்சிப் பள்ளி ஒன்றில் வணிக விமானி உரிமத்திற்காகப் பயில்பவன். தந்தையின் வருங்கால வைப்பு நிதியும் ஊரிலிருந்த சிறு நிலமும் அவனுடைய பறத்தல் மணிகளாக மாறியிருக்கின்றன. அவன் பறப்பது இரண்டு பெரிய திரைகள் பொருத்தப்பட்ட ஒற்றை எஞ்சின் விமானம். திரையில் தோன்றும் சுருக்கெழுத்துகள் அனைத்தையும் ஓர் அட்டையில் அச்சிட்டு வைத்திருந்தான். எதைக் கேட்டாலும் விரிவாக்கத்தை மூச்சுவிடாமல் சொன்னான்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். தானியங்கி விமானியைச் செங்குத்து வேக நிலையில் வைத்து, நிமிடத்திற்கு ஆயிரம் அடி ஏறுமாறு கட்டளையிட்டுவிட்டாய். வெயில் நேரம், காற்று அடர்த்தி குறைவு, அவ்வளவு வேகமாக ஏறும் வலு உன் எஞ்சினுக்கு இல்லை. என்ன நிகழும்? அவன் சற்று யோசித்துவிட்டு, “கணினி சரிசெய்துகொள்ளும் அண்ணா” என்றான்.

சரிசெய்துகொள்ளாது. இத்தகைய பயிற்சி விமானங்களில் தானியங்கி விமானிக்கு எஞ்சின்மேல் அதிகாரம் கிடையாது. மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் மட்டுமே அதனால் இயலும். ஏறும் வேகத்தைக் காப்பாற்ற அது மூக்கை மேலும் மேலும் உயர்த்தும். முன்னோக்கிய வேகம் கரையும். தடுப்பு ஏற்பாடு இல்லாத கருவியாயின் இறுதியில் இறக்கைகள் காற்றைப் பற்றும் திறனை இழந்து விமானம் சரியும். இதை ஐந்து நிமிடத்தில் அவனுக்குப் புரியவைக்க முடிந்தது. அவனுக்கு இதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று விசாரித்தபோது கிடைத்த விடைதான் என்னை இதை எழுதவைத்தது. அவனுடைய பயிற்றுநர் அதே பள்ளியில் ஈராண்டுகளுக்கு முன் பயின்றவர். திரையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததும் அந்த அட்டையில் இருந்த அளவே.

மாணவனிடம் குறை காண்பது எனக்கு நோக்கமன்று. பயிற்றுநரை யார் பயிற்றுவிக்கிறார்கள் என்பதே என் கேள்வி. இக்கேள்வி நம் நாட்டில் முதன்முதலில் எழுந்தது 1990-இல். அப்போது அதன் விலை 92 உயிர்கள்.

1990 பிப்ரவரி 14. பம்பாயிலிருந்து புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் 605 பெங்களூரு எச்.ஏ.எல். விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நண்பகல் கடந்து ஒரு மணி, தெளிந்த வானம், ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தது. விமானம் ஏர்பஸ் ஏ-320. உலகில் அவ்வகை சேவைக்கு வந்தே ஈராண்டு ஆகவில்லை. இந்தியன் ஏர்லைன்ஸ் அதைப் பெறத் தொடங்கியது 1989-இல்தான். இடப்புற இருக்கையில் தலைமை விமானியாக உயர்வு பெறுவதற்கான வழித்தடச் சோதனையில் இருந்தவர். வலப்புற இருக்கையில் அவரைச் சோதிக்கும் மூத்த விமானி. இருவரும் அனுபவசாலிகள். அந்த அனுபவத்தின் பெரும்பகுதி வட்ட முகப்புகளும் முள்களும் கொண்ட பழைய விமானங்களில் ஈட்டப்பட்டது.

இறுதி இறக்கத்தின்போது விமானம் ‘ஓப்பன் டிசென்ட்’ எனப்படும் செயல்நிலைக்குள் சென்றுவிட்டது. இந்நிலையில் கணினி எஞ்சின்களை மிகக் குறைந்த விசையில், அதாவது வெறும் சுழற்சி நிலையில், வைத்துவிடும். வேகத்தைக் காப்பது மூக்கின் சாய்வின் பொறுப்பு: வேகம் குறைந்தால் மூக்கைத் தாழ்த்த வேண்டும். உயரத்தில் இருந்து இறங்கிவருவதற்கு இது சிறந்த முறை. தரையை நெருங்கும்போது கொடிய முறை. ஏனெனில் தரைக்கு அருகில் விமானி ஓடுபாதையைக் கண்ணால் பார்த்து, பாதை தாழாமல் இருக்க மூக்கை உயர்த்துவார். எஞ்சின் விசை கூடவில்லையாதலால் ஒவ்வொரு உயர்த்தலுக்கும் வேகம் விலையாகப் போகும். அன்று நிகழ்ந்தது அதுவே. இருக்க வேண்டிய வேகம் 132 நாட். அதிலிருந்து ஏறத்தாழ 25 நாட் கரைந்தது. விமானிகள் விசையைக் கூட்டியபோது, சுழற்சி நிலையிலிருந்த எஞ்சின்கள் முழு வலுப் பெறத் தேவையான சில நொடிகள் கைவசம் இல்லை. விமானம் ஓடுபாதைக்கு முன்னரே கோல்ஃப் மைதானத்தில் தரைதொட்டு, கரைமேட்டில் மோதித் தீப்பற்றியது. இருந்த 146 பேரில் 54 பேர் பிழைத்தனர்.

கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி கே. சிவசங்கர பட் தலைமையிலான விசாரணை ஆணையம், விமானம் வெறும் சுழற்சி விசையில் இறங்குகிறது என்பதை அறிந்தும், 400, 300, 200 அடி என்று கருவி உரக்க அறிவித்தும், விசை நெம்புகோலை உடனே நகர்த்தாத விமானிகளின் தவறே காரணம் எனக் கூறியது. அந்தச் செயல்நிலை எதனால் ஏற்பட்டது என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது என்றும் கூறியது. செங்குத்து வேகத்திற்குரிய குமிழைத் திருக எண்ணி, அருகிலிருந்த உயரக் குமிழைத் திருகியிருக்கலாம் என்பது விசாரணையில் பேசப்பட்ட ஒரு சாத்தியம். ‘எழுநூறு’ என்ற ஒரே எண், ஒரு குமிழில் நிமிடத்திற்கு எழுநூறு அடி. மற்றதில் கடல் மட்டத்திலிருந்து எழுநூறு அடி. பெங்களூரு நிலமே அதைக்காட்டிலும் பல மடங்கு உயரத்தில் இருக்கிறது!

நான் மீண்டும் மீண்டும் திரும்பிச் செல்லும் இடம் இதற்கடுத்தது. கடைசி நொடிகளில் சோதிக்கும் விமானி நிலைமையைக் கவனித்துவிட்டார். ‘ஃபிளைட் டைரக்டர்’ என்னும் வழிகாட்டிக் கருவி இருவருக்கும் தனித்தனியே உண்டு. இரண்டையும் அணைத்தால், கணினி தானாகவே வேகத்தைக் காக்கும் நிலைக்கு மாறி எஞ்சின் விசையைக் கூட்டும். ஒன்று அணைக்கப்பட்டது, மற்றது அணையவில்லை. ஒன்று எரிந்துகொண்டிருக்கும்வரை எஞ்சின்கள் வெறும் சுழற்சியிலேயே இருக்கும். பழைய விமானத்தில் ஒரு மூத்தவர் இளையவரின் கையைத் தள்ளிவிட்டு நெம்புகோலை முன்னே தள்ளியிருப்பார். புதிய விமானத்தில் அந்த நொடி, எந்த விசையை அணைத்தால் எது மாறும் என்ற உரையாடலில் கழிந்தது. ஆணையத்தின் முடிவை நான் மறுக்கவில்லை. ‘விமானியின் தவறு’ என்ற இரண்டு சொற்களுக்குள் ஒரு பயிற்சிமுறையின் தவறு முழுவதும் ஒளிந்துகொள்ள இடமுண்டு என்று மட்டுமே சொல்கிறேன்.

விபத்தையடுத்து இந்தியன் ஏர்லைன்சின் ஏ-320 விமானங்கள் அனைத்தும் பல மாதங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. விமானம் குற்றமா, விமானி குற்றமா என்று அப்போது நாடு வாதிட்டது. பயிற்றுநரைப் பற்றிய வாதம் அதில் மிகச் சிறிய பங்கே பெற்றது.

இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2013 சூலை 6 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் ஏசியானா 214 விபத்துக்குள்ளானது. தெளிந்த வானம், கண்ணுக்குத் தெரிந்த ஓடுபாதை, கையால் ஓட்டப்பட்ட இறக்கம், எஞ்சின்கள் வெறும் சுழற்சியில், வேகத்தைத் தானியங்கி காத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. இருக்க வேண்டிய வேகம் 137 நாட். குறைந்தது 103 நாட் வரை. இடப்புறம் ஏ-320-இலிருந்து போயிங் 777-க்கு மாறிக்கொண்டிருந்த விமானி. வலப்புறம் பயிற்றுநர், பயிற்றுநர் என்ற முறையில் அவருக்கு அதுவே முதல் பயணம். 307 பேரில் மூவர் மாண்டனர். நிறுவனம் வேறு, கணினியின் உள் தருக்கம் வேறு, கண்டம் வேறு. ஒரு முன்னேற்றம் உண்டு: அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை தானியங்கியின் சிக்கலையும் பயிற்சியின் போதாமையையும் வெளிப்படையாகப் பேசியது.

இரண்டு நிகழ்வுகளிலும் பயிற்றுநர் அல்லது சோதிப்பவர் அருகிலேயே அமர்ந்திருந்தார். இதைத் தற்செயல் என்று கடந்துவிட எனக்கு மனமில்லை. பயிற்றுநர் இருக்கை ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைக் கேட்கிறது: துணை விமானியாக விமானத்தைக் கவனிக்க வேண்டும்; ஆசிரியராக மாணவனின் மனத்தில் ஓடுவதை ஊகிக்க வேண்டும்; தேர்வாளராக எவ்வளவு தூரம் தவறவிடலாம் என்று அளந்து காத்திருக்க வேண்டும். முள் சுழலும் முகப்புகளின் காலத்தில் மாணவனின் எண்ணம் அவன் கையில் தெரிந்தது. நெம்புகோலை இழுத்தான், சக்கரத்தைத் திருப்பினான். இப்போது அவன் எண்ணம் ஒரு குமிழைத் திருகும் இரண்டு விரல்களில் முடிந்துபோகிறது. ஏர்பஸ் விமானங்களில் தானியங்கி விசையைக் கூட்டினாலும் குறைத்தாலும் நெம்புகோல்கள் அசைவதில்லை. எல்லாம் திரையின் மேல்விளிம்பில் ஓடும் ஒரு சிறு பட்டையில் வண்ண எழுத்துகளாக மட்டுமே தெரியும். மாணவனின் தவறை அந்த எழுத்துகளிலிருந்து படித்தெடுக்கும் திறன் தானாக வருவதில்லை; அதைத் தனியே கற்பிக்க வேண்டும்.

சிறு விமானங்களுக்கு வருவோம். நம் மாணவர்கள் தொடங்குவது அங்கேதான். ஜி-1000 போன்ற திரைத்தொகுதிகள் 2004-ஐ ஒட்டிப் பயிற்சி விமானங்களில் புகுந்தன. இன்று டயமண்ட், செஸ்னா விமானங்களில் அவை இயல்பானவை. பழைய ஆறு வட்ட முகப்புகள் இருந்த இடத்தில் ஒரே திரை: செயற்கை அடிவானம், வேகப் பட்டை, உயரப் பட்டை, வரைபடம், வானிலை, எஞ்சின் நிலை. வேகத்தைக் காட்டும் முள் சாய்ந்து நிற்பதை ஓரக்கண்ணால் அறியலாம். ஓடும் பட்டையில் எண்ணைப் படித்தாக வேண்டும். இது சிறிய வேறுபாடாகத் தோன்றும். ஆனால் பல்லாயிரம் மணி முள்ளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது புதிய மொழி.

அமெரிக்க வாரியம் 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே இன்றியமையாதது. 2002 முதல் 2006 வரை உற்பத்தியான ஒற்றை எஞ்சின் சிறு விமானங்களில் திரை பொருத்தியவற்றையும் பழைய முகப்புக் கொண்டவற்றையும் அது ஒப்பிட்டது. திரை விமானங்களின் மொத்த விபத்து விகிதம் சற்றுக் குறைவே. உயிரிழப்பு விபத்துகளின் விகிதமோ அவற்றில் அதிகம். விபத்துக்குள்ளானவற்றுள் உயிர்ப்பலி கொண்டவற்றின் பங்கு ஏறத்தாழ இருமடங்கு. அவை நீண்ட பயணங்களுக்கும் மோசமான வானிலைக்கும் கூடுதலாகப் பயன்பட்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆய்வும் அதை மறைக்கவில்லை. எதிர்பார்த்த பாதுகாப்பு கிடைக்கவில்லை, அந்தந்தக் கருவிக்குரிய தனிப்பயிற்சி இல்லாமல் கிடைக்கவும் செய்யாது என்பதே வாரியத்தின் நிலைப்பாடு. குறிப்பாக, திரைகள் எப்படிப் பழுதாகும் என்பதை விமானிகள் போதிய அளவு அறிந்திருக்கவில்லை என்றது.

பழுதைக் கற்பிப்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. பழைய முகப்பு பழுதானதாகப் பாவிக்க, பயிற்றுநர் ஒரு ரப்பர் வட்டை அதன்மேல் ஒட்டிவிடுவார், வேலை முடிந்தது. திரையில் அது செல்லாது. திரையின் ஒளியைக் குறைத்து இருட்டாக்கலாம். அதனால் முழுத் திரையும் அணைந்தது போலாகும். ஆனால் உண்மையில் திரைகள் பெரும்பாலும் அப்படிப் பழுதாவதில்லை. ஓர் உணரி மட்டும் செயலிழந்து அதற்குரிய இடத்தில் சிவப்புக் குறுக்குக் கோடு விழும். அல்லது, இன்னும் கெடுதலாக, குறுக்குக் கோடே விழாமல் தவறான எண் நம்பும்படியாக நிற்கும். இதைப் பறக்கும் விமானத்தில் காட்ட முடியாது. தரைப் பயிற்சிக் கருவி வேண்டும். அதை இயக்கத் தெரிந்த பயிற்றுநர் வேண்டும். ஒளியைக் குறைத்துக் காட்டிவிட்டு ‘பழுதுப் பயிற்சி முடிந்தது’ என்று பதிவேட்டில் கையெழுத்திடுவது கல்வியாகாது.

இவ்வளவையும் படித்தவர்கள் நான் முள்முகப்புக் காலத்துக்கு ஏங்குவதாக எண்ணக்கூடும். இல்லை. பெரிய பயணியர் விமானங்களில் திரைகளும் தானியங்கிகளும் மொத்தத்தில் உயிர்களைக் காத்திருக்கின்றன. நிலம் எங்கே, மலை எங்கே, இன்னொரு விமானம் எங்கே என்று விமானிக்கு இன்று தெரிவது முன்தலைமுறைக்குக் கனவு. திரையின் வடிவமைப்பையும் திருத்த முடிகிறது. 1992 சனவரி 20 அன்று ஸ்திராஸ்பூர் அருகே மலையில் மோதிய ஏர் இன்டர் 148-இல் 87 பேர் மாண்டனர். 3.3 பாகை சாய்வு என்று எண்ணி விமானிகள் இட்ட ‘33’, நிமிடத்திற்கு 3,300 அடி இறக்கமாகக் கொள்ளப்பட்டது என்பதே அதற்கு முதன்மையாகச் சொல்லப்பட்ட விளக்கம். இரண்டும் ஒரே சாளரத்தில், ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் காட்டப்பட்டன. பின்னர் செங்குத்து வேகம் நான்கு இலக்கங்களில் தெரியுமாறு அக்கருவி மாற்றப்பட்டது. வடிவமைப்பாளர்கள் கற்றுக்கொண்டார்கள். பயிற்றுவிப்போர் அதே வேகத்தில் கற்றுக்கொண்டார்களா என்பதில்தான் எனக்கு ஐயம்.

ஆய்வுலகம் இதைப் பேசாமலும் இல்லை. லிசான் பெயின்பிரிட்ஜ் 1983-இல் எழுதிய ‘தானியக்கத்தின் முரண்நகைகள்’ என்ற சிறு கட்டுரை இன்றும் வகுப்பறைகளில் வாசிக்கப்படுகிறது: எளிய வேலைகளைக் கருவி எடுத்துக்கொள்கிறது, மிகக் கடினமான நொடியை மட்டும் பழக்கம் விட்டுப்போன மனிதனிடம் ஒப்படைக்கிறது. 1989-இல் ஏர்ல் வீனர், போயிங் 757 விமானிகளிடம் நாசாவுக்காக நடத்திய ஆய்வில், இது என்ன செய்கிறது, ஏன் செய்கிறது, அடுத்து என்ன செய்யும் என்ற மூன்று வினாக்கள் விமானி அறையில் அடிக்கடி எழுவதைக் காட்டினார். நான்கு பதிற்றாண்டுகளாக நாம் அறிந்த ஒன்று, செம்பூர் மாணவனின் வகுப்பறையை இன்னும் எட்டவில்லை. ஆய்வாளர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. நாம் ஒருவருக்கொருவர் மேற்கோள் காட்டிக்கொள்வதில் காட்டும் ஊக்கத்தைப் பாடநூல் எழுதுவதில் காட்டுவதில்லை.

நம் நாட்டில் வணிக விமானி உரிமத்திற்குக் குறைந்தது 200 மணி நேரப் பறத்தல் வேண்டும். மணிகளை எண்ணுவது எளிது. புரிதலை எண்ணுவது கடினம். ஆதலால் மணிகள் எண்ணப்படுகின்றன. உரிமம் பெற்றும் விமான நிறுவன வேலை கிடைக்காத இளைஞர் பலர், மணிகளைச் சேர்ப்பதற்காக உதவிப் பயிற்றுநர் தகுதி பெற்றுத் தாம் பயின்ற வகைப் பள்ளியிலேயே கற்பிக்கத் தொடங்குகிறார்கள். அவர்களுக்கு அது பயணத்தில் ஓர் இடைநிலையம். அங்கே நெடுநாள் தங்க எவரும் விரும்புவதில்லை. மறுபுறம், முள்முகப்புகளில் பல்லாயிரம் மணி பறந்த மூத்த பயிற்றுநர்கள், திரையை ‘பொம்மை’ என்று ஒதுக்கிவிட்டு அடிப்படைப் பறத்தலை மட்டும் சொல்லித்தருகிறார்கள். ஒருவரிடம் திரை இருக்கிறது, ஆழம் இல்லை. மற்றவரிடம் ஆழம் இருக்கிறது, திரை இல்லை. மாணவன் இருவருக்கும் நடுவே அட்டையை மனப்பாடம் செய்கிறான்.

என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன். பயிற்றுநர் தகுதிக்கு, அவர் கற்பிக்கவிருக்கும் திரைத்தொகுதியில் தனித் தேர்வு வேண்டும். அதில் கேட்கப்படுவது சுருக்கெழுத்தின் விரிவாக்கமாக இருக்கக் கூடாது. மாணவன் தவறான செயல்நிலையில் இருக்கும் திரையைக் காட்டி, அவன் என்ன எண்ணிக்கொண்டிருக்கிறான், இன்னும் இருபது நொடியில் விமானம் எங்கே இருக்கும், எந்த நொடியில் நீர் கையை நீட்டுவீர் என்று கேட்க வேண்டும். மாணவன் ஒவ்வொரு முறை குமிழைத் தொடும்போதும் திரையின் மேற்பட்டையில் என்ன மாறியது என்பதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும். பெரிய நிறுவனங்கள் பின்னர் கட்டாயமாக்கும் ஒழுக்கத்தைத் தொடக்கப் பள்ளி ஏன் ஒத்திவைக்க வேண்டும்? குழப்பம் வந்தால் தானியங்கியை முழுவதுமாக விலக்கிவிட்டுக் கையால் ஓட்டும் பயிற்சி அடிக்கடி நிகழ வேண்டும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமே 2013 சனவரியில் கையால் ஓட்டுவதை ஊக்குவிக்குமாறு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. இவற்றுக்குப் பணம் செலவாகும் என்பார்கள். தந்தையின் வைப்பு நிதியை வாங்கிக்கொள்ளும்போது எழாத தயக்கம் இங்கே எழுவது விந்தை.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். வானொலி உரையாடல் ஆங்கிலத்தில்தான் நிகழ வேண்டும். அதில் இரு கருத்தில்லை. ஆனால் ஒரு கருவி எப்படிச் சிந்திக்கிறது என்பதை மனம் தன் மொழியில்தான் முதலில் பிடிக்கிறது. அன்று மாலை அந்தத் தம்பிக்கு நான் விளக்கியது இப்படித்தான்: மாட்டுவண்டியை மேட்டில் ஏற்றும்போது மாட்டின் வலுவைப் பார்க்காமல், கயிற்றைப் பிடித்திருப்பவன் மேட்டை மட்டுமே பார்த்தால் என்ன ஆகும்? அவன் சிரித்துவிட்டான், பிறகு அட்டையின் பின்புறத்தில், தமிழில், ‘எஞ்சின் யார் கையில்? மூக்கு யார் கையில்?’ என்று எழுதிக்கொண்டான். ஒவ்வொரு செயல்நிலைக்கும் இந்த இரண்டு வினாக்களுக்கு விடை தெரிந்தால் பெங்களூருவின் பொறி பாதி அவிழ்ந்துவிடும். ஜூஹூவில் பம்பாய்ப் பறத்தல் சங்கம் 1928-இல் தொடங்கியது. மறு ஆண்டு ஜே.ஆர்.டி. டாட்டா இந்தியாவின் முதல் விமானி உரிமத்தைப் பெற்றார். நூறாண்டை நெருங்கும் இந்த மரபில், ஒரு தமிழ் மாணவன் கையில் வைத்துப் படிக்கத்தக்க எளிய விளக்கநூலொன்றை நான் இதுவரை கண்டதில்லை.

பின்னூட்டத்தில் நண்பர்களிடம் இரண்டு உதவிகள் வேண்டுகிறேன். பயிற்றுநராகப் பணியாற்றுபவர்கள், தாம் தகுதி பெற்றபோது திரைத்தொகுதி குறித்து எத்தனை மணி நேரம், எவ்வகையில் பயிற்றப்பட்டார்கள் என்பதைத் தனிச்செய்தியில் எழுதுங்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். பொறியியல், கல்வியியல் துறைகளில் இருப்பவர்கள், செயல்நிலைகளைத் தமிழில் விளக்கும் படங்கள் வரைய முன்வந்தால் ஞாயிறு மாலைகளில் விக்ரோலியில் கூடலாம். தம்பி அடுத்த விடுமுறைக்கு வரும்போது தன் பயிற்றுநரையும் அழைத்துவருவதாகச் சொல்லியிருக்கிறான். அவருக்கும் கேட்க நிறைய இருக்கிறதாம்.